செக்கனுக்கு 240 எழுத்து: ஹட்டனில் ஒரு டயல்-அப் பிபிஎஸ்ஸின் வரவேற்புத் திரை

ஹட்டன் நகரில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் மேல்மாடியில் பழைய கணினிகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. கந்தோர்களும் பாடசாலைகளும் கழித்துவிட்ட பெட்டிகள்தான் அங்கே அதிகம். சனிக்கிழமை காலைகளில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அவற்றைத் திறந்து பார்க்கலாம், இயக்கிப் பார்க்கலாம். அந்த அறையில் டயல்-அப் பிபிஎஸ் ஒன்று ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வரவேற்புத் திரையை மாற்றியபோது என்ன நடந்தது, ஏன் அப்படி முடிந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பிபிஎஸ்ஸை (புலட்டின் போர்ட் சிஸ்டம், கணினி அறிவித்தல் பலகை) பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன், ஒருவர் தன் கணினியில் மோடம் பூட்டித் தொலைபேசிக் கம்பியில் மாட்டி வைப்பார். மற்றவர்கள் தங்கள் மோடத்தால் அந்த இலக்கத்தை அழைத்து உள்ளே வந்து, செய்தி எழுதிவிட்டு, கோப்பு எடுத்துக்கொண்டு போவார்கள். 1978 பெப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதலாவது பிபிஎஸ்ஸைத் தொடங்கினார்கள். அழைப்பவரின் திரையில் வருவதெல்லாம் எழுத்துதான். படம் வேண்டுமென்றால் அதையும் எழுத்துகளால்தான் வரைய வேண்டும்.

எங்களுடையது எம்எஸ்-டொஸ் ஓடும் ஒரு பென்டியம். அதில் ஆஸ்திரேலியாவில் உருவான ரிமோட் அக்சஸ் என்ற பிபிஎஸ் மென்பொருள். வெளித் தொலைபேசி இணைப்பு எதுவும் கிடையாது. ஒரு சிறிய இன்டர்காம் பெட்டியின் நீட்சி இலக்கங்களே எங்கள் தொலைபேசி வலையமைப்பு. கீழ்மாடி வகுப்பறையில் ஒரு 386 கணினி, செக்கனுக்கு 2400 பிட் வேக மோடம், பிபிஎஸ்ஸை அழைத்துத் திரையில் காட்டும் டெலிக்ஸ் நிரல். வீதிக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில் 14,400 வேக மோடத்துடன் இன்னொரு கணினி. அதற்குக் கம்பி வீதியின் மேலாகப் போகிறது. இன்டர்காமின் டயல் டோன் தொலைபேசிக் கம்பனியின் டோன் மாதிரி இருக்காது. ஆகவே டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்படி மோடத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான். பெட்டியில் 56கே என்று அச்சடித்த மோடமும் ஒன்று இருக்கிறது. அதை ஏன் அந்த வேகத்தில் ஓட்டவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். மறுமுனை நேரடியாக டிஜிட்டல் இணைப்பில் இருந்தால்தான் அந்த வேகம் வரும். இரண்டு சாதாரண மோடம்கள் நேருக்கு நேர் பேசினால் 33,600தான் உச்சம்.

முதல் படம்

ரிமோட் அக்சஸ் தானாகத் தரும் திரை வரவேற்பதற்கு ஒன்றுமில்லாத வெறும் சட்டம். அதை மாற்ற முன்வந்தவர் நகரில் பெனர் அடிக்கும் கடையில் டிசைனராக இருக்கும் ஒரு தம்பி. இந்த நிலையத்தில் படித்தவர்தான். தன் மடிக்கணினியில் மோபியஸ் என்ற இன்றைய எழுத்துப்பட நிரலில் வரைந்து கொண்டுவந்தார். அடுக்கடுக்காகத் தேயிலை மலை, இடையிடையே லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), மேலே மிதக்கும் மூடுபனி, வலது மூலையில் நீர்வீழ்ச்சி. 80 கட்டம் அகலம், 25 வரி உயரம். இருந்த இரண்டு பச்சைகளையும் ░▒▓ நிழல்களால் கலந்து, நாலைந்து பச்சை இருப்பதுபோலக் காட்டியிருந்தார். வேலை நல்ல வேலை. மடிக்கணினியில் பார்த்த எல்லோருக்கும் பிடித்திருந்தது.

எதிர்க்கட்டடத்திலிருந்து அழைத்தபோதும் பெரிய குறை தெரியவில்லை. கீழே 386இலிருந்து அழைத்தபோதுதான் எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. படம் ஒரு வரி, இன்னொரு வரி என்று இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் நின்ற கணித டீச்சர் சொன்னார்: “படம் முடியிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போயிரும் போல, தம்பி.”

கணக்கு எளிது. 2400 வேகத்தில் ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்களோடு சேர்த்து 10 பிட் போகிறது. ஆக செக்கனுக்கு 240 எழுத்து. படத்தின் கோப்பு 9,600 பைட். எனவே 40 செக்கன். அதே கோப்பு 14,400 மோடத்தில் ஏழு செக்கனுக்குள் முடிந்துவிடும். அதனால்தான் அங்கே யாருக்கும் உறுத்தவில்லை.

80 கட்டமும் 25 வரியும் பெருக்கினால் 2,000 எழுத்துதானே, 9,600 எங்கிருந்து வந்தது? நிறத்திலிருந்து. நிறத்தையும் இடத்தையும் குறிகளால் சொல்லும் ஆன்சி முறையில், நிறம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் திரையில் தெரியாத ஓர் எஸ்கேப் குறி போக வேண்டும். கரும்பச்சைப் பின்னணியில் இளம்பச்சை வேண்டுமென்றால் எஸ்கேப், சதுர அடைப்பு, 1;32;42, கடைசியில் எம் என்ற எழுத்து. எண்ணிப் பார்த்தால் 10 பைட். திரையில் தெரிவது ஒரு ▒. கம்பியில் போவது பதினொன்று. தம்பி அழகுக்காகக் கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாற்றிய இடங்களெல்லாம் இந்த விலையில் வந்தவை.

தாமதத்தோடு வேறு கோளாறுகளும் வந்தன. மூடுபனி மின்னியது. அசல் பிசி எழுத்துத் திரையில் முன்நிறம் 16, பின்நிறம் 8 மட்டும். மிச்சமிருக்கும் ஒரு பிட் கண்சிமிட்டலுக்கானது. இன்றைய வரைநிரல்களில் அந்தப் பிட்டைப் பிரகாசமான பின்நிறத்துக்கு எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு; அதை ஐஸ் நிறம் என்பார்கள். தம்பி வெள்ளைப் பின்நிறத்தில் வரைந்த பனி முழுவதையும் டெலிக்ஸ் விசுவாசமாகக் கண்சிமிட்டிக் காட்டியது. நுவரெலியா மாவட்டத்தில் பனிக்குப் பஞ்சமில்லை என்றாலும் இப்படி ஒரு பனியை யாரும் பார்த்ததில்லை.

25ஆவது வரி இன்னொரு தொல்லை. டெலிக்ஸ் அடிவரியைத் தன் தகவலுக்கு வைத்துக்கொள்ளும். ஆகவே படம் ஒரு வரி மேலே தள்ளப்பட்டு உச்சி போய்விட்டது. 80ஆவது கட்டத்தில் எழுத்து விழுந்ததும் சில நிரல்கள் உடனே அடுத்த வரிக்குத் தாவும். சில அடுத்த எழுத்து வரும்வரை காத்திருக்கும். அதனால் சில இடங்களில் நடுவே வெற்று வரி விழுந்தது. இந்த இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: 79 கட்டம், 23 வரி, அதற்குமேல் ஆசைப்படக்கூடாது. கோப்பின் வாலில் வரைநிரல் ஒட்டிவைக்கும் 128 பைட் விபரப் பதிவையும் வெட்டினோம்.

பகலை விட்டு இரவுக்கு

தம்பி முதலில் படத்தைச் சுருக்கிப் பார்த்தார். நிழல்களைக் குறைத்தார், நீர்வீழ்ச்சியை எடுத்தார். கோப்பு இறங்கியது, ஆனால் மலை தட்டையாகிவிட்டது. அறிவுரை சொல்வது எனக்கு லேசு, வரைகிறவர் அவர். என்றாலும் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: மடிக்கணினியில் முழுப்படமாகப் பார்க்க வேண்டாம், கீழே போய் 386க்கு முன்னால் உட்கார்ந்து வரும் வரிசையில் பாருங்கள். வரவேற்புத் திரையை யாரும் முழுப்படமாகப் பார்ப்பதில்லை. மேலிருந்து கீழாக, நேரத்தில் நகர்வதாகத்தான் பார்க்கிறார்கள். முதல் மூன்று செக்கனில் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அதன் பிறகு மெல்ல வரலாம்.

அரை மணித்தியாலம் கீழே இருந்துவிட்டு வந்து, “அண்ணே, கறுப்பு சும்மா கெடைக்குது. ராத்திரியா போட்டுரலாமா?” என்றார். இந்த வேலையின் திருப்புமுனை அதுதான். திரை ஏற்கெனவே கறுப்பு. வெற்றிடத்தைக் கர்சர் தாண்டிப் போகலாம். பைட் செலவே இல்லை. இரவில் இந்தப் பக்கத்து மலை எது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவம். நல்லதண்ணியிலிருந்து 2,243 மீற்றர் உச்சி வரை படிப்பாதையில் விளக்கு எரியும். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலை தெரியாது, விளக்குக் கோடு மட்டும் வளைந்து வளைந்து மேலே போகும்.

எழுத்துத் திரைக்கு இதைவிட வாகான காட்சி கிடைக்காது. மலையின் விளிம்பு மட்டும் கருநீலத்தில் ▄ ▀ கட்டங்கள். விளக்கு ஒவ்வொன்றும் பிரகாச மஞ்சளில் ஒரு நடுப்புள்ளி. மஞ்சள் என்று சாதாரணமாக 33ஐக் கொடுத்தால் பழைய விஜிஏ திரையில் மண்ணிறம்தான் வரும். முன்னால் பிரகாசக் குறியைச் சேர்த்தால்தான் மஞ்சள். நிறத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அறுபது விளக்குக்கும் அதுவே நிற்கும்.

வரைநிரல்கள் கோப்பை மேலிருந்து கீழாகத்தான் எழுதும். அப்படி விட்டால் விளக்குகள் உச்சியிலிருந்து கீழ்நோக்கி எரிந்துகொண்டு வரும். யாரும் மலையை உச்சியிலிருந்து ஏறுவதில்லை. எனவே விளக்குகளை மட்டும் தனியாக, கர்சரை இந்த வரி இந்தக் கட்டத்துக்குப் போ என்று சொல்லும் குறிகளால் அடியிலிருந்து வைத்தோம். ஒரு விளக்குக்கு இடக்குறி எட்டு, புள்ளி ஒன்று, ஒன்பது பைட். அறுபதுக்கு 540. 2400 வேகத்தில் இரண்டேகால் செக்கன். பழைய தி-டிரா நிரலில் அசைவுப்படத்துக்கான முறை ஒன்று உண்டு, வரைந்த வரிசையை அப்படியே பதிவு செய்யும். தம்பிக்கு அது பிடிபடவில்லை. டொஸ்ஸோடு வரும் கியூபேசிக்கில் சின்ன நிரல் எழுதி இடங்களைப் பட்டியலாகக் கொடுத்துவிட்டார். அதுவே வசதியாகவும் இருந்தது: ஒரு வளைவு பிசகினால் இரண்டு எண்ணை மாற்றினால் போதும்.

முழு இரவுப்படமும் 2,400 பைட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. பத்துச் செக்கன்.

தமிழில் வணக்கம்

ரிமோட் அக்சஸில் இரண்டு திரை முக்கியம். பெயர் கேட்பதற்கு முன் காட்டுவது லோகோ. உள்ளே வந்தபின் காட்டுவது வெல்கம். மலையை வெல்கமில் வைத்தோம். லோகோ காட்டும் கட்டத்தில் அழைப்பவர் யார், எந்த மாதிரித் திரை வைத்திருக்கிறார் என்று உறுதியில்லை. ஆகவே அங்கே நிறமே வேண்டாம், ‘வணக்கம்’ மட்டும் பெரிதாக வரட்டும் என்று முடிவு செய்தோம்.

பிசியின் 437 குறிப்பக்கத்தில் (அது காட்டக்கூடிய 256 எழுத்துகளின் பட்டியல்) தமிழ் கிடையாது. வேறு எழுத்துருவை ஏற்றலாமா என்று யோசித்தோம். விஜிஏ திரையில் 256 வடிவங்களையும் மாற்றி எழுதலாம், 4,096 பைட் போதும். பழைய டிஸ்கி தமிழ்க் குறியீட்டு முறை போல மேல்பாதி 128 இடத்தில் தமிழை வைத்தால் மெனு எல்லாமே தமிழில் வரும். ஆசை காட்டும் வழிதான். ஆனால் ░▒▓█▀▄ எல்லாம் குடியிருப்பதும் அதே மேல்பாதியில். தமிழ் வந்தால் படம் போய்விடும். மேலும் ஒரு கட்டத்தின் அகலம் எட்டுப் புள்ளிதான். அதற்குள் ‘ண’வின் சுழிகளை அடைத்தால் படிப்பவர் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். அழைக்கும் ஒவ்வொரு கணினியிலும் அந்த எழுத்துருவை ஏற்றிவைக்கவும் வேண்டும். யுனிகோட் பற்றி 386இடம் பேசிப் பயனில்லை.

ஆகவே எழுத்தையும் படமாக வரைந்தோம். அரைக்கட்டங்கள் ஒரு கட்டத்தை மேல், கீழ் என்று பிரிப்பதால் திரை ஏறக்குறையச் சதுரமான புள்ளிகளாக, 80க்கு 50ஆக மாறுகிறது. ‘வணக்கம்’ ஐந்து எழுத்து. ‘ண’ 19 கட்டம் எடுத்தது. ‘வ’ 13, ‘க’ 12, ‘ம்’ 10. இடைவெளிகளோடு 74. ஐந்து வரி உயரம், புள்ளிக்கு மேலே ஒரு வரி.

அந்தப் புள்ளி எதிர்பாராத வேலை வாங்கியது. முழுக்கட்டத்தில் வைத்தால் எழுத்தின் தலையோடு ஒட்டி ‘ம்’ ஒரு கட்டியாகத் தெரிந்தது. ஒரு வரி மேலே தூக்கினால் தொடர்பில்லாமல் மிதந்தது. மேல் அரைக்கட்டத்தை மட்டும் பயன்படுத்தினால் கீழே அரைக்கட்டம் இடைவெளி கிடைக்கிறது. மெல்லிய கோட்டில் போட்டால் இப்படி:

```
    ▀▀
█   ▄▀▀▄
█   █  █
█▄▄▄█▄▄▀
```

சின்ன விஷயம்தான். ஆனால் முதலில் போட்ட ‘வணக்கம்’ திரையை எட்டாம் தரப் பிள்ளை ஒன்று ‘வணககம’ என்று ஒவ்வோர் எழுத்தாகச் சத்தம் போட்டு வாசித்தது. அரைக்கட்டப் புள்ளி வந்தபின் அந்தக் கேள்வி எழவில்லை.

மெனு இன்னும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்தான். பிள்ளைகள் கைபேசியில் அப்படித்தான் தட்டுகிறார்கள், அவர்களுக்கு அது தடையில்லை. எனக்குத் திருப்தியில்லை, ஆனால் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

கம்பியும் மழையும்

மலைநாட்டில் கம்பியை நம்பி எதையும் வரையக்கூடாது. ஈரம் இறங்கிய இணைப்பு ஒன்றிருந்தால் கோட்டில் இரைச்சல் வரும். 14,400 மோடம்களுக்கு வி.42 பிழைதிருத்தம் இருக்கிறது. குப்பை எழுத்து திரைக்கு வராது, கொஞ்சம் தாமதம்தான் தெரியும். எங்கள் 2400 மோடத்துக்கு அந்த வசதி இல்லை. எஸ்கேப் குறியின் நடுவே ஒரு குப்பை எழுத்து விழுந்தால், எண்கள் திரையில் கொட்டும், நிறம் மாறாமல் நிற்கும், அங்கிருந்து படம் முழுவதும் ஒரு பக்கம் நகர்ந்துபோகும்.

இதற்கு மருந்து ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கர்சர் இடத்தையும் நிறத்தையும் புதிதாகச் சொல்வது. வரிக்கு ஏழு பைட் இடக்குறி, 23 வரிக்கு 161 பைட், முக்கால் செக்கன்கூட இல்லை. கெட்டால் அந்த ஒரு வரியோடு கெடுதல் நின்றுவிடும். பைட்டை மிச்சம் பிடிக்கும் ஆர்வத்தில் தம்பி முதலில் இதை எடுத்துவிடச் சொன்னார். ஒரு மழைநாளில் 386க்கு முன்னால் உட்கார்ந்தபின் அவரே திரும்பப் போட்டார். விளக்குகளுக்கு ஏற்கெனவே தனித்தனி இடக்குறி இருப்பதால் எப்போதாவது ஒரு விளக்கு வழி தவறி நிற்பதோடு சரி. படத்தின் கடைசியில் நிறத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் குறியும் கட்டாயம். இல்லையென்றால் கேள்வி கேட்கும் வரியெல்லாம் மஞ்சளாக வரும்.

இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை மாதத்திலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்நேரமானால் இடிமழை. வீதியின் மேலே போகும் கம்பி மின்னலுக்கு நல்ல வழி. ஒரு மோடத்தைப் பறிகொடுத்தபின் பிபிஎஸ்ஸின் நேரத்தைக் காலை என்று வைத்துவிட்டோம். முதல் இடிச் சத்தத்துக்கு மின்சாரத்தையும் தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். மின்சாரத்தை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் மோடத்தை இழக்கிறார்கள்.

பெயர் வரி

உள்ளே வருபவரின் பெயரைத் திரையிலேயே காட்டலாம். கோப்பில் ஒரு கட்டுப்பாட்டுக் குறியை வைத்தால் ரிமோட் அக்சஸ் அந்த இடத்தில் பெயரை நிரப்பும். தம்பி அதற்கு அழகான இரட்டைக்கோட்டுச் சட்டம் ஒன்று வரைந்திருந்தார். ‘ரவி’ போன்ற பெயர்களுக்குச் சரி. அப்பா பெயரையும் சேர்த்து முழுப்பெயர் கொடுக்கும் பிள்ளைகளை என்ன செய்வது? ஆங்கில எழுத்தில் சுப்பிரமணியம் மட்டுமே பதினான்கு கட்டம் எடுக்கும். இந்த மென்பொருளில் பெயருக்கு 35 எழுத்து வரை இடமுண்டு. நீளத்துக்கு ஏற்பச் சட்டத்தின் வலதுகோடு உள்ளேயும் வெளியேயும் போய்வந்தது. சட்டத்தை எடுத்துவிட்டு, திரையின் முதல் வரியில் வலதுபக்கம் திறந்தபடி பெயரை வைத்தோம். அழைப்பவர் முதலில் பார்ப்பதும் அதுவாகவே ஆயிற்று. மலை வரும்வரை பிள்ளைகள் தங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாற்றத்துக்குக் கிடைத்த வரவேற்பு மலைக்குக்கூடக் கிடைக்கவில்லை என்பது தம்பிக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

பகல் படத்தை வீசிவிட மனமில்லை. முதலில் விடைபெறும் திரையாக வைத்தோம், போகிறவர் அவசரப்படமாட்டார் என்ற எண்ணத்தில். அங்கே வேறு சிக்கல்: மென்பொருள் படத்தை மோடத்திடம் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறது, மோடத்தின் நினைவகத்தில் இன்னும் அனுப்பாத எழுத்துகள் அப்படியே போய்விடுகின்றன. லயங்கள் வந்தன, அவற்றுக்குக் கீழே மலையில்லை. கடைசியில் ‘ஏதாவது விசையை அழுத்துங்கள்’ என்று நிறுத்தினால் அது சரியாகும், ஆனால் 386இல் வீட்டுக்குப் போகக் கிளம்பியவரை 40 செக்கன் நிறுத்திவைப்பது நியாயமில்லை. இப்போது அது மெனுவில் ஒரு தனித் தெரிவாக இருக்கிறது, பக்கத்தில் ‘மெதுவாக வரும்’ என்ற குறிப்போடு. மூடுபனியைத் தம்பி சாதாரணச் சாம்பல் பின்நிறத்தில் வெள்ளை ░ போட்டுத் திருத்திவிட்டார், இப்போது அது கண்சிமிட்டுவதில்லை. விடைபெறும் திரையில் இரண்டே வரி: நன்றி, அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்போம் என்பது.